வேலூர் வெயிலில் டி.என்.பி–பி.எஸ்.ஏ தயாரிப்பு

டி.என்.பி (டைநைட்ரோஃபீனைல்) என்ற சிறு மூலக்கூறை பி.எஸ்.ஏ (மாட்டு இரத்தத்தின் ஆல்புமின் புரதம்) மீது ஒட்டும் செய்முறைத் தாளில் "அறை வெப்பநிலையில் ஓர் இரவு" என்றிருக்கும். எழுதியவர் நினைத்தது 22–25 டிகிரி. வேலூரில் மே மாத ராத்திரி கரண்ட் போய் ஏசி நின்றால் ஆய்வகம் சீக்கிரமே முப்பதைத் தாண்டிவிடும். அதே அளவு, அதே நேரம் என்றாலும் டிசம்பரில் கிடைத்த பொருள் மே மாதம் கிடைக்காது. சூட்டில் வினை வேகமாகி, ஒரு புரதத்தில் ஒட்டும் ஹேப்டன்களின் (டி.என்.பி போன்ற சிறு மூலக்கூறுகளின்) எண்ணிக்கை கூடிவிடும்.

ஹேப்டன் உடலுக்குள் தனியாகப் போனால் எதிர்ப்பொருள் உண்டாகாது; புரதத்தோடு பிணைந்தால்தான் உண்டாகும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளர்கள் அறிந்த குரோமியம் ஒவ்வாமையும் இந்த வகைதான்: உலோகம் தோலின் புரதத்தில் ஒட்டிய பிறகே உடல் அதை அடையாளம் காண்கிறது.

20 மி.கி. பி.எஸ்.ஏ, 20 மி.கி. பொட்டாசியம் கார்பனேட், 20 மி.கி. டைநைட்ரோபென்சீன் சல்ஃபோனேட் உப்பு (ஹேப்டனைத் தருவது இதுதான்), 2 மி.லி. வடிநீர். அலுமினியம் ஃபாயில் சுற்றி 25 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து மெதுவாகக் கலக்க வேண்டும். கையுறை கட்டாயம், இந்த உப்பு தோலில் ஒவ்வாமையைத் தூண்டும். டிரிஸ், கிளைசின் பஃபர் கூடவே கூடாது. அவற்றின் அமீன்களே ஹேப்டனைப் பிடித்துக்கொள்ளும். குறைந்த எண்ணிக்கை வேண்டுமென்றால் ஹேப்டனை 2 மி.கி. ஆக்கி, மணிக்கொரு தடவை சிறிது எடுத்து செஃபடெக்ஸ் ஜி-25 (ஒட்டாத சிறு மூலக்கூறுகளைப் பிரிக்கும் ஜெல்) நிரப்பிய குழாயில் ஓட்டி அளப்பதே நம்பகம். கடிகாரத்தை நம்பக் கூடாது.

அதிகம் ஏமாற்றுவது டயாலிசிஸ், அதாவது சவ்வுப் பையில் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றும் படி. வினையில் சிதைந்து வரும் டைநைட்ரோஃபீனாலும் மஞ்சள்தான், 360 நா.மீ. பக்கம் அதுவும் ஒளியை உறிஞ்சும். அது பையில் மிச்சமிருந்தால் ஹேப்டன் எண்ணிக்கை பொய்யாக உயர்ந்து காட்டும். 4 டிகிரியில் நான்கு முறை பி.பி.எஸ் (பாஸ்பேட் உப்புக்கரைசல்) மாற்றி, கடைசி வெளிநீரின் 360 அளவு சுழியாகும் வரை நிறுத்தக் கூடாது.

கணக்கு: 360-ல் உறிஞ்சல் 0.87 வந்தால், 17,400 (டி.என்.பி-யின் மோலார் உறிஞ்சல் எண்) ஆல் வகுத்தால் 50 மைக்ரோமோலார் டி.என்.பி. புரதம் 2 மைக்ரோமோலார் என்றால் விகிதம் 25, அதாவது ஒரு புரதத்துக்கு 25 டி.என்.பி. புரதத்தை அளக்கும் 280-லும் டி.என்.பி உறிஞ்சும், டி.என்.பி–லைசினை (டி.என்.பி ஒட்டிய லைசின் அமினோ அமிலம்) இரண்டு அலைநீளத்திலும் அளந்து, அந்த விகிதப்படி கழித்த பிறகே புரதத்தைக் கணக்கிட வேண்டும்.

எலிக்கு ஊசி போடக் கே.எல்.எச் (ஒரு கடல் நத்தையின் புரதம்) பிணைப்பு, எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா தட்டுக்குப் பி.எஸ்.ஏ பிணைப்பு. இரண்டிலும் ஒரே புரதம் என்றால், அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளும் சேர்ந்து எண்ணப்படும். தட்டில் விகிதம் 4 இருந்தால் இறுகப் பிடிக்கும் எதிர்ப்பொருள் மட்டுமே பெரும்பாலும் தங்கும். 25-ல் தளர்வானவையும் தங்கும். விகிதம் தெரியாத மஞ்சள் புரதத்தில் இந்த வேறுபாட்டைப் பார்க்கவே முடியாது.