இரண்டாவது ஆபரேஷனும் வாந்தி பற்றிய பயமும்

முதல் ஆபரேஷன் நடந்தபோது எனக்கு வயது 26. சினைப்பையில் நீர்க்கட்டி, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பதோ அன்றைய இரவு மட்டும்தான். கண் விழித்ததிலிருந்து விடியும்வரை ஏழு முறை வாந்தி. வயிற்றில் ஒன்றும் இல்லாமல், பித்தம் மட்டும் கசந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு குமட்டலுக்கும் தையல் பிய்ந்துவிடுவதுபோல இழுத்தது. "மயக்க மருந்து கொடுத்தால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். நானும் அதை நம்பினேன்.

ஒன்பது வருடம் கழித்து பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்றதும், கத்தியை நினைத்து வராத பயம் வாந்தியை நினைத்து வந்தது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்தேன். அந்த ஏழு வாந்தி பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்த்ததும் நடந்ததையெல்லாம் நானே ஒரு தாளில் எழுதி, மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போனேன்.

அவர் அதை முழுவதும் படித்தார். பிறகு கேள்விகள். சிகரெட் பழக்கம் உண்டா? இல்லை. பேருந்தில் போனால் தலைசுற்றி வாந்தி வருமா? சின்ன வயதிலிருந்தே வரும். ஆபத்தைக் கணிக்க நான்கு விஷயங்களைப் பார்ப்பார்களாம்: பெண்ணாக இருப்பது, புகைக்காமல் இருப்பது, முன்பு ஆபரேஷனுக்குப் பின்போ பயணத்திலோ வாந்தி வந்திருப்பது, ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் (அபின் சார்ந்த) வகை வலி மருந்து தேவைப்படுவது. நான்கும் இல்லாதவருக்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு, நான்கும் இருப்பவருக்குப் பத்தில் எட்டுப் பங்கு. எனக்கு நான்கும் இருந்தன. அந்த இரவுக்கு என் உடம்பின் பலவீனம் காரணமில்லை என்று தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது.

அவர் போட்ட திட்டம் இதுதான். மயக்கத்துக்கு மூச்சுவழி வாயு வேண்டாம், சிரிப்பு வாயுவும் வேண்டாம். புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை ரத்தக்குழாய் வழியாகத் தொடர்ந்து செலுத்துவது. வாந்தியைத் தடுக்க மூன்று மருந்துகள்: முந்தின இரவே காதுக்குப் பின்னால் தோலில் ஒட்டும் ஸ்கோபோலமைன் ஒட்டு. தூங்கியதும் டெக்ஸாமெத்தசோன், ஆபரேஷன் முடியும் தறுவாயில் 4 மில்லிகிராம் ஆன்டன்செட்ரான். ஒரே மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் குறைவு. மூளைக்குக் குமட்டல் செய்தி பல வழிகளில் போவதால் ஒவ்வொரு வழியையும் வேறு வேறு மருந்தால் அடைக்க வேண்டுமாம். இப்படிச் சேர்க்கும் ஒவ்வொன்றும் மீதமுள்ள ஆபத்தில் ஏறக்குறைய கால் பங்கைக் குறைக்கும். எனவே முழுதாகப் போய்விடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும், ஆன்டன்செட்ரான் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கும். சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். காது ஒட்டைத் தொட்டால் கையை நன்றாகக் கழுவ வேண்டும். அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் கருமணி விரிந்து பார்வை மங்கும். எனக்கு வாய் வறண்டது, அவ்வளவுதான்.

என்னிடம் இரண்டு தவறான எண்ணங்கள் இருந்தன. ஒன்று, எவ்வளவு நேரம் பட்டினி கிடக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது. உணவை நிறுத்தச் சொன்ன நேரத்தில் நிறுத்தினேன். ஆனால் வெறும் தண்ணீரை ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்புவரை குடிக்கச் சொன்னார், ஏனென்றால் உடம்பில் நீர் வற்றினாலும் குமட்டும். இன்னொன்று, வலி மருந்தே வேண்டாம் என்று நான் அடம்பிடித்தது. அடங்காத வலியும் வாந்தியைக் கிளப்பும் என்றார். அதனால் துளையிட்ட இடங்களில் மரத்துப்போகும் ஊசியும் பாரசிட்டமாலும் முதலில், மார்ஃபின் வகை தேவைப்பட்டால் மட்டும்.

விழித்தபோது கண்ணைத் திறக்கவே பயந்தேன். குமட்டல் வருகிறதா என்று உள்ளுக்குள் கவனித்தபடி கிடந்தேன். வரவில்லை.

மாலையில் கழிப்பறைக்குப் போக எழுந்து உட்கார்ந்தபோதுதான் வாயில் எச்சில் ஊறியது. போன முறை வாந்தி வரும்வரை அடக்கிப் பார்த்தேன். இந்த முறை உடனே நர்ஸைக் கூப்பிட்டேன். என்னைச் சாய்த்து உட்கார வைத்து, ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே பிடித்து மெதுவாக ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார். சில நிமிடங்களில் பாதி அடங்கியது. ஆன்டன்செட்ரான் போட்டு 6 மணி நேரம்கூட ஆகாததால், அதையே திரும்பக் கொடுக்காமல் டாக்டர் வேறு வகை மருந்து ஒன்றைப் போட்டார். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநார்களுக்கு நடுவில் அழுத்தவும் கற்றுக்கொடுத்தார். அதைச் செய்துகொண்டே தூங்கிப்போனேன். இரவு முழுவதும் ஒரு முறைகூட வாந்தி இல்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது, என்ன கொடுத்தார்கள், எது பலித்தது என்று எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன். என் மகளுக்கும் காரில் ஏறினால் வாந்தி வரும். பெற்றோருக்கு ஆபரேஷனுக்குப் பின் இப்படி நடந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், அந்தத் தாளின் நகல் ஒன்றை அவள் மருத்துவக் கோப்பிலும் வைத்திருக்கிறேன்.