ஒரு ஜாடி, ஒரு தூக்கு

ஜூலை 20, 2025, ஞாயிறு (ஆடி 4)

கொல்லையில் துவைகல் பக்கம் பாசி. மனைவி வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் கையை அசைக்கக் கூடாதாம்.

மகளுக்கு இது தலை ஆடி. பதினெட்டாம் பெருக்குக்கு மயிலாடுதுறையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். காலையில் திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் பூஜை, மகளுக்குத் தாலிக் கயிறு மாற்றுவது. இரவு எங்கள் மொட்டை மாடியில் சித்திரான்னச் சாப்பாடு. உறவு, நட்பு எல்லோரையும் ஆனியிலேயே கூப்பிட்டாகிவிட்டது.

"ஓட்டலில் சொல்லிவிடலாமே" என்றேன்.

"கைதானே உடைந்திருக்கிறது, வாய் நன்றாகத்தானே இருக்கிறது? நான் சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள்" என்றாள்.

34 வருடம் கணக்கு எழுதியவன் நான். வெந்நீருக்கு மேல் எதையும் அடுப்பில் வைத்ததில்லை. புது நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டுவிட்டேன்.

ஜூலை 23, புதன்

ஆட்கள் 26. ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்து 2 கிலோ 600 என்று எழுதினேன். அவள் நோட்டைப் பார்க்காமலே, "ஓர் ஆழாக்கு இரண்டு பேருக்கு. பதின்மூன்று ஆழாக்கு. கைக்கு மூன்று சேர்த்து இரண்டு படி" என்றாள். இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றன. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பட்டியல்: புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம். தொட்டுக்கொள்ள அவியல், மோர்மிளகாய், சித்திரை வெயிலில் அவள் பிழிந்து காயவைத்த வடாம். நண்பர்களில் இரண்டு பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களுக்குத் தனியாகச் சுண்டல்.

இலையில் பரிமாறும் வரிசையில் வேலைகளை எழுதியிருந்தேன். முழுவதையும் அடிக்கச் சொன்னாள். எது முதலில் கெடுமோ அதைக் கடைசியில் செய்ய வேண்டும். தேங்காய் சாதம் மாலை ஆறுக்கு முன்னால் கூடாது. புளிக்காய்ச்சல் வாரம் முழுக்கத் தாங்கும், அதை முதலில் முடிக்கலாம். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகுதான் விட வேண்டும், கொதித்தால் கசக்கும். தயிர் சாதத்தில் பால்தான் அதிகம், தயிர் பெயருக்கு ஒரு கரண்டி, பந்திக்குள் அதுவே உறைந்து பதமாகிவிடும். ஒரு பக்கம் நிரம்பிவிட்டது.

ஜூலை 26, சனி

சம்பந்தியம்மா பேசினார். கை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, "நீங்கள் சிரமப்பட வேண்டாம், புளிக்காய்ச்சல் நான் கொண்டுவந்துவிடுகிறேன்" என்றாராம். இவளும் "அதற்கென்ன, சந்தோஷம்" என்று இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அதன்பின் ஒரு மணி நேரம் பேச்சில்லை. பிறகு: "அவர்கள் வெல்லம் போடுவார்கள்."

எங்கள் வீட்டில் புளிக்காய்ச்சலில் வெல்லம் கிடையாது. என் மாமியார் போட்டதில்லை, அவர் மாமியாரும் போட்டதில்லை.

"நாமும் செய்கிறோம். அவர்களுடையதைத் தனிக் கிண்ணத்தில் மரியாதையாக வைத்துவிடலாம்" என்று தீர்ப்பாகிவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

கால் கிலோ பழம்புளி, வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டினேன். வாணலியில் நல்லெண்ணெய். நான் ஊற்ற ஊற்ற "இன்னும்" என்றாள். பயந்து நிறுத்தியபோதும் "இன்னும்" என்றாள். கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள், பிறகு புளிக்கரைசல், உப்பு. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அந்தக் கட்டத்தை நோட்டில் காலியாக விட்டிருந்தேன்.

"சத்தம் மாறும்" என்றாள்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் சலசலவென்று கொதித்தது, போகப் போகச் சேறு கொப்பளிப்பதுபோல் பொத்துப் பொத்தென்று வெடித்தது. எண்ணெய் பிரிந்து மேலே வந்தது. "இப்போது பொடி" என்று குரல் வந்தது. வெந்தயம், எள், தனியா, மிளகாய், எல்லாம் வறுத்து அரைத்து வைத்திருந்தோம். முன்கையில் இரண்டு இடத்தில் தெறித்துப் பொசுக்கியது. ஆறவைத்துப் பீங்கான் ஜாடியில் எடுத்துவைத்தேன்.

காலியான கட்டத்தில் "சத்தம் மாறும்வரை" என்று எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடியில் கல்யாணம் இல்லை, இலை மலிவாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். பெருக்கு வருகிறதே, சும்மா விடுவார்களா. ஊரைச் சுற்றி வாழைத் தோட்டமாக இருந்தும் தலைவாழை இலைக்குப் பேரம் பேச வேண்டியிருக்கிறது. 30 வாங்கினேன். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசிக்கு எள், வெல்லம்.

திரும்பும்போது படித்துறையில் கொஞ்சம் நின்றேன். ஜூன் 12 அன்று மேட்டூரில் திறந்தார்கள், ஜூன் முடிவதற்குள் அணை 120 அடி நிரம்பியும் விட்டது. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்துத் தண்ணீருக்குப் பூஜை போட்ட வருடங்களும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

ஆகஸ்ட் 2, சனி

அசோகா அல்வா நானே கிண்டுகிறேன் என்று அறிவித்தேன். பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய், இதில் என்ன வித்தை? "அடி பிடித்தால் வாணலியும் போகும், மானமும் போகும், ஊரில் கடைக்கா பஞ்சம்?" என்றாள். கடையில் ஒரு கிலோ வாங்கிவந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பெருக்கு (இரவு 11.40)

காலையில் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் புதுத் தம்பதிகள். கழற்றிய மணமாலையை ஆற்றில் விடும்போது மகள் கண் கலங்கினாள், மாப்பிள்ளை வேட்டி நனைந்துவிட்டதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இரவு 26 பேர் 31 பேர் ஆனார்கள். இலை ஒன்று குறைந்ததால் எனக்குத் தட்டு.

இரண்டாவது பந்திக்குப் புளியோதரை போதாது என்று தெரிந்தது. மகள் அவசரமாக இன்னும் ஒரு படி அரிசி வடித்துக் கொடுத்தாள். தாம்பாளத்தில் கொட்டி நல்லெண்ணெய் விட்டு ஆற்றினேன். ஜாடியில் பாதிதான் மிச்சம். பக்கத்தில் சம்பந்தியம்மாவின் எவர்சில்வர் தூக்கு. மாடியிலிருந்து "புளியோதரை, புளியோதரை" என்று குரல். இரண்டையும் வழித்துப் போட்டுப் பிசைந்துவிட்டேன்.

மேலே போன பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

சம்பந்தியம்மா ஒரு வாய் உண்டு, "எங்கள் அம்மா கைப் பக்குவம், நாக்கிலேயே நிற்கிறது" என்றார். என் மனைவி இடது கையில் ஸ்பூனோடு இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வளர்பிறை நிலா வெளிச்சத்தில் எல்லோர் முகமும் நன்றாகத் தெரிந்தது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வடாம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே நகர்ந்தேன்.

அவியலில் உப்புக் குறைவு. யாரும் சொல்லவில்லை, தயிர் சாதம் காப்பாற்றியது.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை காபி முடிந்ததும் கேட்டாள்: "அவர்கள் தூக்கு எங்கே?"

"கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்."

"அதிலே இருந்தது?"

சொன்னேன். சிறிது நேரம் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை புதன்கிழமை வருகிறார். வெறும் தூக்கைத் திருப்பி அனுப்பக் கூடாது. புளி ஊறப்போடுங்கள்."

கால் கிலோ ஊறப்போட்டிருக்கிறேன். இந்த முறை நெல்லிக்காய் அளவு வெல்லமும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறாள்.