சர்க்கரை இறங்கியது, வலி ஏறியது

இரவு படுத்து விளக்கை அணைத்த பிறகுதான் அது தொடங்கும். பகலில் பஞ்சின் மேல் நடப்பது போன்ற ஒரு மந்தம் மட்டுமே பாதங்களில் இருக்கும். உடல் ஓய்ந்ததும் விரல் நுனிகளில் எரிச்சல் மூண்டு, உள்ளங்கால் முழுவதும் பரவி, இடையிடையே சுரீர் சுரீரென்று ஊசி பாய்ச்சும். போர்வையின் ஓரம் கால்விரலில் பட்டால்கூடத் தாங்க முடியாது என்பதால், இரண்டு தலையணைகளைக் கால்மாட்டில் நிறுத்தி, அவற்றின் மேல் போர்வையைக் கூடாரம் போலப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகியிருந்தேன். அப்போது எனக்கு வயது 51. நீரிழிவு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 10.6 சதவீதத்தில் நின்றது.

மருத்துவர் என் கண்களை மூடச் சொல்லிவிட்டு, ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட அந்த இழை, கட்டைவிரல் இரண்டிலும் பட்டது எனக்குத் தெரியவே இல்லை. அடுத்து, அதிர்கின்ற இசைக்கவை ஒன்றைப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு நிற்கும்போது சொல்லச் சொன்னார். நின்றுவிட்டது என்று நான் சொன்ன மறுகணமே அதை என் மணிக்கட்டில் வைத்தார். அங்கே அது இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவைதாம், அதனால் சர்க்கரையின் சேதம் முதலில் அங்கேதான் தெரியும் என்று அவர் விளக்கினார். வலிக்கும் இடமும் உணர்வற்ற இடமும் ஒன்றாகவே இருக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்த வாரமே மாவுச்சத்தைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். அதன் அடிப்படை எளிமையானது. தானியம், கிழங்கு, இனிப்பு ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்துதான் செரித்ததும் பெரும்பாலும் குளுக்கோஸாக இரத்தத்தில் சேர்கிறது; இன்சுலினுக்குச் சரிவரப் பணியாத உடலுக்கு அந்த வரத்தைக் குறைத்துக் கொடுத்தால் சுமை குறையும். 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு மாவுச்சத்துக் கட்டுப்பாடும் பட்டினியுமே நீரிழிவுக்குக் கைவசம் இருந்த முதன்மைச் சிகிச்சை என்பதைப் படித்திருந்தது எனக்கு மேலும் நம்பிக்கை தந்தது. ஆனால் நான் போன வேகம் தவறு. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தாலே அது குறைந்த மாவுச்சத்து உணவு என்ற கணக்கில் வந்துவிடும். நானோ ஒரே நாளில் 30 கிராமுக்கு இறங்கினேன். அதோடு நில்லாமல், தினமும் 18 மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்கவும் தொடங்கினேன். இதை மருத்துவரிடம் சொல்லவில்லை. நல்ல முடிவு வந்த பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் வாரம் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் படுத்தின. இன்சுலின் அளவு குறையும்போது சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகின்றன என்பதால் வருவது அது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரிடும். ஆனாலும் குளுக்கோமீட்டர் காட்டிய எண்களில் நான் மயங்கிக் கிடந்தேன். வெறும் வயிற்றில் 262 ஆக இருந்தது மூன்றே வாரத்தில் 118 ஆயிற்று.

நான்காவது வாரத்தில் ஒரு மாலை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கைகள் நடுங்கி, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்துக் கொட்டியது. எதிரே நின்ற என் மகள் "அப்பா, என்ன செய்யுது?" என்று கேட்டது காதில் விழுந்தும் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவளே என் விரலைக் குத்திச் சோதித்தாள், 54 காட்டியது. தண்ணீரில் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்தாள். காரணம் தெளிவானது. நான் தினமும் எடுத்துக்கொண்டிருந்த கிளிமிபிரைடு, உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. உணவை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால் சர்க்கரை தாழாமல் என்ன செய்யும்? இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளில் இருப்பது வேறு விதமான ஆபத்து: பட்டினியோடு சேரும்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விரதத்தைத் தொடங்கும் நாளுக்கு முன்பே மருந்துகளை மருத்துவரோடு உட்கார்ந்து திருத்திக்கொள்ள வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்த மாலையை மறக்க முடியாததால்தான்.

இருந்தும் நான் நிறுத்தவில்லை. கிளிமிபிரைடை மட்டும் மருத்துவர் சொற்படி விட்டேன். ஏழாவது வாரத்தில்தான் எதிர்பாராதது நடந்தது. சர்க்கரை இத்தனை ஆண்டுகளில் கண்டிராத அளவுக்குச் சீராக இருந்த அந்த நாட்களில், பாத வலி பல மடங்கு கூடியது. உள்ளங்காலில் இருந்த எரிச்சல் முழங்கால் வரை ஏறியது. தொடைகளின் தோலில் துணி உரசினால் வெந்த புண்ணில் உரசுவது போல இருந்தது. தலையணைக் கூடாரமும் பயன்படவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் குளிர்ந்த தரையில் பாதங்களைப் பதித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். கொழுப்பைச் சாப்பிட்டதால் நரம்பு கெட்டுவிட்டதோ, விரதத்தால் உடம்புக்குச் சத்து இல்லாமல் போயிற்றோ என்றெல்லாம் எண்ணி, பழைய உணவுக்கே திரும்பிவிட இருந்தேன்.

மூன்றாம் மாதச் சோதனையில் ஹெச்பிஏ1சி 6.8. அந்தத் தாளைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் என் தேதிகளையும் எண்களையும் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி, 10.6க்கும் 6.8க்கும் நடுவே ஒரு கோடு போட்டார். "உங்கள் உணவு நரம்பைக் கெடுக்கவில்லை, இறங்கிய வேகம்தான் கெடுத்திருக்கிறது" என்றார். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை மூன்று மாதத்துக்குள் இரண்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விழும்போது, வலியையும் சூட்டையும் உணர்த்துகிற மெல்லிய நரம்பிழைகள் சிலருக்குக் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றன. வலி பெரும்பாலும் எட்டு வாரங்களுக்குள் தொடங்குகிறது. வீழ்ச்சி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும். 1933லேயே கராவாட்டி என்ற மருத்துவர் இன்சுலின் தொடங்கிய ஒருவரிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார் என்பதால் இன்சுலின் நரம்பழற்சி என்றே நெடுங்காலம் அழைத்தார்களாம். ஆனால் மாத்திரையால் இறக்கினாலும் உணவால் இறக்கினாலும் இது வரக்கூடும். என் வீழ்ச்சி 3.8 புள்ளிகள். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அவர் உடனே என்னை விழித்திரைச் சோதனைக்கும் அனுப்பினார், ஏனெனில் இதே வேகம் கண்ணின் பின்புறத்தில் ஏற்கெனவே இருக்கும் பாதிப்பையும் தற்காலிகமாக மோசமாக்கக்கூடும். நல்ல வேளையாக எனக்கு அங்கே பெரிய சேதம் இல்லை. இரத்தத்தில் வைட்டமின் பி12 குறைந்திருந்தது. என்னைப் போல மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தக் குறை வருவதுண்டு. அதுவும் இதே மாதிரி மரத்துப்போதலையும் எரிச்சலையும் தரும். ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அதைச் சோதித்துக்கொண்டதில்லை. பாத எரிச்சல் உள்ள எல்லோரும் அந்த ஒரு சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

திட்டத்தைக் கைவிடாமல், திருத்தினோம். மாவுச்சத்து நாளுக்கு 90 கிராம் என்று வைத்துக்கொண்டேன். முட்டை, மீன், கீரை, காய்கறி, கொட்டைப் பருப்புகளால் வயிற்றை நிரப்பிவிட்டு, தானியத்தை ஒரு வேளைக்குக் கையளவு மட்டும், அதுவும் கடைசியில் சாப்பிடுவேன். எந்த உணவு எனக்கு ஒத்துவருகிறது என்பதைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இந்த விஷயத்தில் ஒருவருடைய பட்டியல் இன்னொருவருக்கு உதவாது. உண்ணாமல் இருக்கும் நேரத்தை 13 மணி நேரமாகச் சுருக்கினேன்: மாலை ஏழு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டுக் காலை எட்டு மணிக்குச் சாப்பிடுவேன். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தும் காலையில் சர்க்கரை சற்றுக் கூடித் தெரிவது என்னை முதலில் குழப்பியது. விடியலில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலைக் குளுக்கோஸ் விடச் சொல்வதால் அப்படி ஆகிறது. அதற்காக விரதத்தை நீட்டுவதில் பயனில்லை. வலிக்கு இரவில் பிரிகாபலின் 75 மில்லிகிராம் கொடுத்தார்கள். உணவால் சரிசெய்யப் புறப்பட்டவன் மாத்திரையில் வந்து நிற்கிறேனே என்று முதலில் வருந்தினேன். ஆனால் இரண்டாவது வாரத்தில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கிய பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.

வலி இறங்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. முதலில் தொடை விட்டது, பிறகு கெண்டைக்கால். பாதம்தான் கடைசி. நரம்பிழை மீண்டும் வளர்வதே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்கிறபோது, மூன்று மாதத்தில் எல்லாம் சரியாக வேண்டும் என்று எதிர்பார்த்தது நியாயமில்லை. இப்போது ஹெச்பிஏ1சி 6.2, மெட்ஃபார்மின் தொடர்கிறது. போர்வை நேராகக் காலின் மேலேயே கிடக்கிறது. கட்டைவிரல்கள் இரண்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன. இசைக்கவையின் அதிர்வு அங்கே திரும்பவில்லை, திரும்பும் என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவும் இல்லை. ஆகவே ஒவ்வோர் இரவும் ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாதங்களின் அடிப்பகுதியைப் பார்க்கிறேன். போன மாதம் இடது குதிகாலில் வலியே தெரியாத ஒரு வெடிப்பு இருந்தது. அன்றே கண்டுகொண்டதால் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பிரிகாபலினைக் குறைத்துப் பார்ப்பதாகப் பேச்சு. ஒரேயடியாக நிறுத்தாமல், வாரக்கணக்கில், சிறிது சிறிதாக.