காற்றாலையை ஏன் அடக்கி ஓட்டுகிறார்கள்?

நல்ல காற்று வீசும்போது இறக்கைகளைத் திருப்பி உற்பத்தியைக் குறைக்கிறார்கள் என்றால் பலருக்கும் எரிச்சல் வரும், சும்மா கிடைப்பதை ஏன் வீணாக்க வேண்டும் என்று. ஆனால் மின்கட்டமைப்பில் உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். உற்பத்தி மிஞ்சினால் அதிர்வெண், அதாவது மாறுதிசை மின்சாரம் நொடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற கணக்கு, 50 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறும் (சில நாடுகளில் 60), குறைந்தால் இறங்கும். காற்றோ, வேகம் இரட்டிப்பானால் எட்டு மடங்கு ஆற்றலோடு வந்து நிற்கும்.

அனல் நிலையத்தில் பல டன் எடையுள்ள சுழலி கட்டமைப்போடு நேரடியாகப் பிணைந்து சுழல்வதால், எங்காவது ஒரு நிலையம் திடீரென நின்றாலும் சுழலியின் நிலைமம் (சுழன்ற வேகத்திலேயே தொடர்ந்து சுழலும் குணம்) சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும். நவீன காற்றாலைகள் பெரும்பாலும் இன்வெர்ட்டர் (மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்ப மாற்றித்தரும் மின்னணுக் கருவி) வழியாக இணைவதால் இந்தக் குணம் தானாக வராது, மென்பொருளில்தான் வரவழைக்க வேண்டும். அதிர்வெண் சரிந்ததும், சுழலும் இறக்கைகளின் இயக்க ஆற்றலை உறிஞ்சிச் சில நொடிகள் கூடுதல் மின்சாரம் தரலாம். சரி, அப்புறம்? வேகம் இழந்த சுழலி பழைய நிலைக்கு மீள ஆற்றல் கேட்கும், அந்த நேரத்தில் உற்பத்தி முன்பைவிடக் கீழே போய் இரண்டாவது சரிவையே உண்டாக்கிவிடலாம்.

என்னைக் கேட்டால், முழுத்திறனுக்குச் சற்றுக் கீழே ஓட்டி, அதிர்வெண் சரியும்போது எடுத்துக் கொடுக்கக் கையிருப்பு வைத்திருப்பதே மேல். இழப்புதான், ஆனால் அந்தக் கையிருப்புக்கும் காசு கொடுத்தால் காற்றாலைக்காரர்கள் முணுமுணுக்க மாட்டார்கள்.