வருகைப் பதிவேட்டில் கிடைத்த படக்கதை

பாம்பன் பக்கத்துக் கடலோரப் பள்ளி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே வருகைப் பதிவேட்டைத் தொடர்ந்து பார்த்து வந்தால் ஒன்று தெரியும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் விடுப்பு அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் விழும். அந்த நாட்களில் கடல் நன்றாக வற்றும். அம்மாமார் விடியும் முன்பே படகேறிக் கடல்பாசி எடுக்கப் போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மூத்த மகள்தான் இருப்பாள். அங்கன்வாடியில் இரண்டு வயதானால்தான் சேர்ப்பார்கள், அதுவும் அந்த நேரத்தில் திறந்திருக்காது.

6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளைகளின் உரிமை என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். அதைப் பற்றிப் பெற்றோரிடம் எத்தனையோ முறை பேசியாயிற்று. ஆனால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளை தன்னைப் போல ஒருத்தியைக் காண ஒரு புத்தகம் இல்லை. அதனால் அவளைப் பற்றி ஒரு படக்கதை எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் போல எழுத நினைக்கும் ஆசிரியர்களுக்காகச் செய்த விதத்தைச் சொல்கிறேன். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். ஆறு தாளை ஒன்றாக வைத்து மடித்தால் 24 பக்கம். தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் இரண்டு போனால், விரித்துப் பார்க்கப் பத்துப் பதினோரு காட்சிதான் மிஞ்சும். இப்படி வெற்றுத் தாளை மடித்து ஒரு மாதிரிப் புத்தகத்தை முதலிலேயே கையால் செய்துவிடுங்கள். எந்த வரி எந்தப் பக்கத்தில், எதைப் படமே சொல்லிவிடும் என்பதெல்லாம் தாளைப் புரட்டும்போதுதான் பிடிபடும். தூளியைக் காலால் ஆட்டிக்கொண்டே என் கதையின் பிள்ளை வாய்ப்பாடு சொல்லும் பக்கத்தில் முதலில் நான்கு வரி இருந்தது. இப்போது வாய்ப்பாடு மட்டும்தான் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வந்து அறிவுரை சொல்வது வேண்டாம் என்பதில் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்தேன். கதையின் முடிவுதான் பெரும்பாடு. பக்கத்து வீட்டு அப்பத்தா தம்பியை வாங்கிக்கொள்கிறார், அவள் பள்ளிக்கு ஓடுகிறாள் என்று வைத்துப் பிள்ளைகளிடம் வாசித்தேன். "எங்க வீட்டுப் பக்கம் அப்பத்தா யாரும் இல்லையே டீச்சர்" என்றாள் ஒருத்தி. சரி, தம்பியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வரட்டும் என்று மாற்றினேன். "அவன் அழுதா டீச்சர் திட்டுவாங்கல்ல?" என்று அடுத்த கேள்வி. இப்போது கடைசிக் காட்சியில் ஒரு வரிகூட இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறாள், தம்பி டீச்சரின் மேசைக்கடியில் சாக்பீஸை உருட்டி விளையாடுகிறான். சமூகப் பிரச்சினையைத் தீர்க்கும் பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது என்று நினைக்கிறேன். பெரியவர்கள் இடம் கொடுத்தால் போதும், அவள் படித்துக்கொள்வாள்.

படம் வரைந்தவர் கடலைத் தூரத்திலிருந்து பார்த்தவர். வரைந்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் பெரிதாக அச்செடுத்துப் பாசி எடுக்கும் சின்னப்பாலம் ஊர் அம்மாமாரிடம் கொண்டுபோவேன். பாசியைப் புல் மாதிரிப் பச்சையாகத் தீட்டியிருந்தார். "கட்டக்கோரைப் பாசி தவிட்டு நிறமால்ல இருக்கும்" என்றார்கள். முங்குகிற அம்மாவுக்கு வெறுங்கை இருந்தது. ஒரு அம்மா தன் விரல்களை நீட்டி, துணிக் கீற்றை ஒவ்வொரு விரலுக்கும் எப்படி இறுக்கிச் சுற்றுவது என்று செய்தே காட்டினார். "இது இல்லாமப் போனா பாறை கிழிச்சிரும் டீச்சர்." சுற்றிய விரல்கள், முங்கும்போது போடும் கண்ணாடி, சேலைக்கு மேல் போட்ட சட்டை என எல்லாமே அப்புறம் படத்தில் வந்தன. தன்னைப் போலவே ஒரு அம்மாவைப் புத்தகத்தில் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த பெருமிதத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுப்பதில் உள்ள கட்டுப்பாடுகளையும் எழுதச் சொன்னார்கள் நண்பர்கள். அது இவர்களுக்குத் தினசரிக் கவலைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 24 பக்கத்துக்கு ஒரு துயரம் போதும்.

அச்சு வேலை சிவகாசியில். திரையில் பளிச்சென்று தெரியும் கடல் நீலம் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும், அதனால் வண்ணப் புரூஃபை, அதாவது மாதிரி அச்சை, கையில் வாங்கிப் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள். புத்தகத்துக்கு அடையாளமான ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. நாமே வெளியிடும் புத்தகத்துக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம், காசு கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் சென்னை கன்னிமரா உட்பட நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அச்சுச் செலவுக்கு வழியில்லாதவர்கள் பிள்ளைகளுக்கான கதைகள் உள்ள ஸ்டோரிவீவர் இணையதளத்தில் போடலாம். அங்கே யாரும் இலவசமாகப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம்.

அடுத்த கதைக்கும் தாள் மடித்தாயிற்று. எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட அப்பாவுக்காகக் காத்திருக்கும் ஒரு பையனைப் பற்றியது. சிறையைப் படத்தில் காட்டுவதா வேண்டாமா என்று தங்கச்சிமடம் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுத்தான் முதல் வரியை எழுத வேண்டும்.