தொங்கும் ரயிலும் ஒன்பது ஆண்டு சர்வீசும்

கோவையில் சிவில் இன்ஜினியரிங் படித்த காலத்தில், கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு புத்தகத்தில், மேலே ஒற்றைத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஆற்றின் மீது தொங்கியபடி ஓடும் ரயிலின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தேன். ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் 1901 முதல் ஓடிவரும் ஷ்வேபெபான் அது. இடநெருக்கடி மிகுந்த பள்ளத்தாக்கில் ரயிலுக்கு வேறு இடம் இல்லாததால், பெரும்பகுதி ஆற்றுக்கு மேலிருக்கும் வெற்றிடத்தையே பாதையாக்கி, 13.3 கிலோமீட்டர் தூரத்துக்கு இரும்புக் கால்களை நட்டிருக்கிறார்கள். 1950இல் ஒரு சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காக யானைக்குட்டி ஒன்றை அதில் ஏற்ற, அது மிரண்டு பெட்டியின் பக்கத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்து, சிராய்ப்போடு பிழைத்த கதையைப் பிற்பாடு படித்தேன். அந்த ஊரில் ஒரு நாளாவது வாழ வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்தது. அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் தாராபுரம் பக்கத்தில் நகைக்கடன் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 2013இல் பட்டம் வாங்கியவுடன் ஒரு கட்டடப் பணியில் சைட் இன்ஜினியராகச் சேர்ந்து, சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாமலே ஒன்றரை ஆண்டு ஓட்டியவன், வங்கித் தேர்வு எழுதி 2016இல் பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரியாக நுழைந்தபோது, வீட்டில் பொங்கல் வைத்தார்கள். என் வகுப்பில் பாதிப்பேர் போன வழி அது. வேலையை நான் வெறுக்கவும் இல்லை. காலையில் பெட்டக அறையின் இரண்டு சாவிகளில் ஒன்றோடு நிற்பதிலும், ஊரில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் முன்வரிசையில் நாற்காலி போடப்படுவதிலும் ஒரு சுகம் இருந்தது.

2022இல் சனி, ஞாயிறுகளில் கோவைக்குப் பஸ் பிடித்துப் போய் ஜெர்மன் படிக்கத் தொடங்கினேன். வங்கியில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில்தான் விடுமுறை என்பதால் சனிக்கிழமை வகுப்புகளில் பாதி தவறின. பி1 என்ற நடுத்தர நிலை ஜெர்மன் தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வாங்க வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் முதல் தடவை எழுதியபோது கேட்டல் பகுதியில் மட்டும் தோற்றேன். தோற்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்ற விதி இருந்ததால் பிழைத்தேன்.

2024 ஜூன் முதல் தேதியன்று ஜெர்மனி சான்சென்கார்டே என்ற வாய்ப்பு அட்டையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கையில் வேலை இல்லாமலே அங்கு போய், ஓராண்டுக்குள் வேலை தேடிக்கொள்ளலாம். அதற்கு ஆறு புள்ளிகள் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டிப் பார்த்தேன். வயது 35ஐத் தாண்டாததற்கு 2, பி1 ஜெர்மனுக்கு 2, சி1 என்ற உயர்நிலை ஆங்கிலத்துக்கு 1, பொறியியல் ஆள் பற்றாக்குறையுள்ள தொழில் என்பதால் 1. சரியாக ஆறு. அனுபவத்துக்கும் புள்ளி உண்டு. ஆனால் படித்த தொழிலில் பெற்ற அனுபவம் மட்டுமே கணக்கில் வரும், அதுவும் அண்மை ஆண்டுகளில் பெற்றதாக இருக்க வேண்டும். ஊரில் எனக்கு நாற்காலி போட வைத்த வங்கி சர்வீசுக்கு அந்தப் பட்டியலில் பூஜ்யம். சம்பளம் வராத சைட் வேலையோ காலாவதியாகியிருந்தது. அந்தப் பூஜ்யத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை, இன்னும் இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டால் வயதுக்கான புள்ளியும் குறைந்துவிடும் என்பது மட்டும் உறைத்தது.

வீட்டில் சொன்னபோது அப்பா எதுவும் பேசாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அம்மாதான் பேசினார்: "கோழி மேய்ச்சாலும் கவர்மெண்ட்ல மேய்க்கோணும்பாங்க. நீ ஆபீசர் உத்தியோகத்தை விட்டுப்போட்டு அங்க போயி என்ன கண்ணு மேய்க்கப் போறே?" தரகரிடம் கொடுத்திருந்த ஜாதகக் குறிப்பில் 'பொதுத்துறை வங்கி அதிகாரி' என்றிருந்த வரியை என்ன செய்வது என்பது அவருடைய அடுத்த கவலை. நியாயமான கவலைதான், ஏனென்றால் அந்த வரிக்காகவே வந்த இரண்டு வரன்கள் அந்த மாதமே பின்வாங்கின.

2025 ஜனவரியில் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். அதிகாரிகளுக்கு மூன்று மாத நோட்டீஸ் என்பதால் ஏப்ரலில்தான் விடுவித்தார்கள். ஊழியர் வட்டியில் வாங்கியிருந்த வீட்டுக்கடன், விடுவிப்பு ஆணை வந்த கையோடு பொதுமக்களுக்கான வட்டிக்கு மாறியது. நேற்றுவரை எனக்கு டீ வாங்கி வந்தவர், ஏதோ தவறு செய்தவர்போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு, டோக்கன் எடுத்து வரிசையில் நிற்கச் சொன்னார்.

பணம் காட்டும் படலம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஷ்பெர்கோன்டோ என்ற முடக்கப்பட்ட கணக்கில் மாதத்துக்கு 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கு 13,092 யூரோ போட வேண்டியிருந்தது; நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். மாதாமாதம் அதிலிருந்து ஒரு பங்கு மட்டும் நம் கைக்கு வரும். வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவத்தை எத்தனையோ பேருக்கு நான் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். எனக்காக நிரப்பியபோது ஒரு கட்டத்தில் தவறு செய்து, வேறு தாள் கேட்டு வாங்கினேன். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றாலும், கையில் காசு குறைவாக இருக்கும் நேரத்தில் அது சிறிய தொகை அல்ல.

ஆகஸ்டில் வூப்பர்டால் வந்து சேர்ந்தேன். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும்; அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். எனக்கு அறையை உள்வாடகைக்கு விட்டவர் கையெழுத்துப் போடத் தயங்கினார். பதிவு இல்லாமல் நான் கேட்ட வங்கியில் கணக்குத் திறக்கவில்லை. உள்ளூர்க் கணக்கு இல்லாதவருக்கு வேறு வீடு கொடுக்க யாரும் முன்வரவில்லை. நகராட்சி அலுவலகத்தில் மேசைக்கு அப்பாலிருந்த பெண், என் காகிதங்களை விசிறிபோல் விரித்துப் பார்த்துவிட்டு, நிமிராமலே "ஒன்று குறைகிறது" என்றார். குரலில் கடுமை இல்லை, இரக்கமும் இல்லை. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். மூலனூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பாட்டியிடம், கைரேகை பதியவில்லை, ஆதாரில் முகவரி மாறியிருக்கிறது, போட்டோ பழையது என்று மூன்று நாட்கள் தனித்தனியாகச் சொல்லித் திருப்பி அனுப்பியபோது எனக்கிருந்த குரல் அது. மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

வேறொரு அறை கிடைத்து, பதிவும் முடிந்தது. அட்டைக்காரர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பதால் பார்சல் கிடங்கு ஒன்றில் சேர்ந்தேன். அப்போது மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரியில் குறைந்தபட்சக் கூலி 13.90 ஆனது. பெட்டிகளை எடை பார்த்து அடுக்கும்போது, நகையை எடை போட்ட கை என்று சிரித்துக்கொள்வேன்.

நவராத்திரியின்போது ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனேன். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பி, 2002இல் குடமுழுக்குச் செய்த கோயில். சுண்டல் வாங்கி வெளியே நின்றபோது பேச்சுக் கொடுத்த பெரியவர், என் கதையைக் கேட்டுவிட்டு, "நாங்கள் விட விருப்பமில்லாமல் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள் தம்பி. நீங்கள் விரும்பி விட்டிட்டு வந்திருக்கிறியள். அப்ப அழக்கூடாது" என்றார். நான் அழவில்லை. ஆனால் அழுதவன்போல் தெரிந்திருக்க வேண்டும்.

இதுவரை 74 விண்ணப்பங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே இல்லை. ஒன்பது ஆண்டு இடைவெளியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. இருந்தும் பாலம் சார்ந்த அலுவலகங்கள் கொஞ்சம் காது கொடுக்கின்றன. 1960, 70களில் கட்டிய பாலங்கள் இங்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்துவருகின்றன. இங்கிருந்து அதிகத் தூரமில்லாத ராமேடே பாலத்தை 2021இல் மூடி, 2023 மே மாதத்தில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2024 செப்டம்பரில் டிரெஸ்டன் நகரின் கரோலா பாலத்தில் ஒரு பகுதி தானாகவே இடிந்து விழுந்தது. ஆய்வறிக்கைகளைப் பொறுமையாகப் படித்து, பழைய கோப்போடு ஒப்பிட்டு, எங்கே எண் உதைக்கிறது என்று கண்டுபிடிக்க ஆள் தேவைப்படுகிறது. போன வாரம் ஒரு சிறிய அலுவலகத்தில், வங்கித் தணிக்கையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். தடுமாறும் ஜெர்மனில் அரை மணி நேரம் சொன்னேன். இரண்டு வாரம் சோதனையாக வேலை செய்து பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு இருக்க வேண்டும். தொங்கும் ரயிலில் ஏழு நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் போனில் சொன்னதற்கு, "அது அறுந்து விழுகாதா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.