இரண்டு கட்டையில் கோல் நித்ரே: செல்லோவில் வேகம், சுருதி, உணர்ச்சி

ஜெர்மானிய இசையமைப்பாளர் மாக்ஸ் புரூக்கின் 'கோல் நித்ரே'யை (ஓபஸ் 47, அதாவது அவருடைய 47-ஆம் எண் படைப்பு) தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் செல்லோவும் கீபோர்டுமாக வாசிக்கத் தயாரித்த முறை இது. புரூக் இதை 1880-இல் லிவர்பூலில் முடித்தார். 1881-இல் பெர்லினில் அச்சானது. அவர் புராட்டஸ்டண்ட், மெட்டு யூதர்களுடையது. யூதர்களின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் ஜெப ஆலயத்தில் பாடுவது. பொருத்தனைகளின் (நேர்ந்துகொண்ட வாக்குகளின்) கட்டிலிருந்து விடுவிக்கும் அந்த அரமேய வரிகளை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்திப் பாடுவார்கள். ஆகவே இதை ஒப்பாரியாக இழுக்கக் கூடாது. மனம் வருந்தி நிற்பவர் பேசுகிற பேச்சு இது.

வேகக் குறிப்பு 'அடாஜியோ மா நோன் ட்ரோப்போ': மெதுவாக, ஆனால் மிஞ்சிய மெதுவாக வேண்டாம். தட்டு எண்ணும் கருவியான மெட்ரோனோமில் கால் ஸ்வரம் ஒரு தட்டாக, நிமிடத்துக்கு 46 முதல் 50 தட்டு வரை வைத்தோம். மொத்தம் ஏறக்குறைய பத்து நிமிடம். முதல் மெட்டு சின்னச் சின்னத் துண்டுகளாக வருகிறது, நடுவில் மௌனம். பாடகர் மூச்சு வாங்கும் இடம் அது. பலரும் ஸ்வரத்தை நீட்டி அந்த மௌனத்தை விழுங்கிவிடுகிறார்கள். உணர்ச்சி கெடுவது அங்கேதான்.

உயரமான காரைக் கூரை உள்ள தேவாலயத்தில் எதிரொலி மூன்று வினாடி நின்றால், 48 வேகத்தில் அது இரண்டு தட்டுக்கும் மேல். மௌனம் வர வேண்டிய இடத்தில் பழைய ஸ்வரமே கேட்கும். வேகத்தைக் குறைத்தால் மெட்டு அறுந்துபோகும். அதனால் துண்டின் கடைசி ஸ்வரத்தைச் சற்று முன்னால் விட்டோம், வில்லைத் தந்தியிலிருந்து எடுக்காமல். காலித் தேவாலயத்தில் மட்டும் ஒத்திகை பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஆட்கள் நிறைந்தால் எதிரொலி குறையும்.

டி மைனர் என்பது நம் கணக்கில் இரண்டு கட்டை. அதன் ஹார்மோனிக் வடிவத்தின் ஸ்வரங்கள் கீரவாணியுடையவை. செல்லோவின் திறந்த தந்திகளில் டி-யும் ஏ-யும் இருப்பதால் ஸட்ஜமும் பஞ்சமமும் தாமாகவே அதிரும். ஏ தந்தியில் நான்காம் விரலில் டி-யைச் சரியாகப் பிடித்தால் பக்கத்து டி தந்தி கூடவே ஒலிக்கும். ஒலிக்கவில்லையென்றால் விரல் பிசகியிருக்கிறது.

சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்துப் பழகலாம். ஹார்மனி (கூடவே ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) டி-யை விட்டு நகரும் இடங்களில் அதை நிறுத்திவிட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. சுருதியோடு சேர்ந்து நிற்கும் எஃப் ஷார்ப், கீபோர்டின் எஃப் ஷார்ப்பைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்வு (சென்ட் என்பது கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் நூறில் ஒரு பங்கு). எஃப் அதே போலச் சுமார் 16 சென்ட் உயர்வு. சுருதிப் பெட்டியோடு மட்டுமே பழகிய கை, கீபோர்டு சேர்ந்ததும் பிசிறடிக்கும். கடைசி வாரப் பயிற்சி கீபோர்டோடுதான் இருக்க வேண்டும்.

பின்பாதி டி மேஜர், கொஞ்சம் விரைவு; 54-56 போதும். டி தந்தியில் எஃப் இரண்டாம் விரல், எஃப் ஷார்ப் மூன்றாம் விரல். அந்த ஒரு விரல் மாற்றத்தில் வெளிச்சம் வந்துவிடுகிறது. இந்த மெட்டு, ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதைக்கு இசையமைப்பாளர் ஐசக் நேதன் அமைத்த இசையிலிருந்து வந்தது. ஸ்வரங்கள் சங்கராபரணம். கமகம் சேர்க்கும் ஆசை வரும், சேர்க்கக் கூடாது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை (மேற்கத்திய மெட்டுப் பாணிப் பாட்டுகளை) கேட்ட காதுக்கு, கமகமில்லாத சங்கராபரணம் அந்நியமல்ல. முதல் பாதியில் விப்ராட்டோவை (விரலை அசைத்து ஸ்வரத்தை அதிரவிடுவதை) குறுக்கி, இங்கே அகலமாக்கினோம். மூலத்தில் ஹார்ப் வாசிக்கும் அடுக்கு ஸ்வரங்களைக் கீபோர்டின் ஹார்ப் ஒலியில் வைத்தால் நன்றாகவே பொருந்துகிறது. பெடலை மட்டும் பாதியாக மிதியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறிப் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) இறுகும், தந்தி விரற்பலகையிலிருந்து மேலெழும், வில்லின் முடி நீளும். மழைக்காலத்துக்கென்று உயரம் குறைந்த குதிரை (தந்திகளைத் தாங்கும் பலகை) ஒன்றைத் தனியாகச் செய்துவைப்பது நல்லது. கோடையில் பிரடை நழுவும். வில்லில் தேய்க்கும் ரோஸினில் (பிசினில்) மென்மையான கறுப்பு வகை பிசுபிசுக்கும், கெட்டியான வெளிர் ரோஸின்தான் சரி. மொழுமொழுவென்ற கல் தரையில் எண்ட்பின் (செல்லோவைத் தரையில் ஊன்றும் கம்பி) வழுக்கும். நாற்காலிக் காலில் கட்டிய பட்டை வேண்டும். தலைக்கு மேலுள்ள மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள்: நீண்ட ஸ்வரத்தைத் துண்டு துண்டாக்கிக் காட்டும், தாளையும் பறக்கவிடும். கீபோர்டை யூபிஎஸ்ஸில் இணைத்துவிட்டு, ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே செல்லோவைச் சுருதி சேர்க்க வேண்டும்.